கடிதத்தில் விட்டுப்போன ஒரு வரி

மூளைப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சேர்ந்த 12 வாரச் சிகிச்சை போன வாரம்தான் முடிந்தது. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்) இருக்கும் யாராவது இதைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ரெஃபரல் கடிதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

என் கடிதத்தில் 'நடப்பதில் சிரமம்' என்று மட்டும் இருந்தது. பேச்சின் நடுவே சொல் நழுவிப் போவதையும், இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எதுவும் பிடிபடாமல் போவதையும் டாக்டரிடம் சொல்லியிருந்தேன். அது கடிதத்தில் ஏறவில்லை. பதிவு செய்யும் இடத்தில், "இதில் பிசியோ மட்டும்தான் இருக்கிறது" என்றார்கள். விளக்கிச் சொன்னேன். "நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது. கால் தள்ளாடுவது ஊருக்கே தெரியும், மூளை திணறுவது யார் கண்ணுக்குத் தெரிகிறது?

அன்று வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த முறை டாக்டரிடம், சிந்தனை வேகத்தை அளக்கும் எஸ்.டி.எம்.டி. சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டேன். தாளின் மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே வரிசையாக வரும் குறிகளுக்கு உரிய எண்ணை 90 விநாடிக்குள் எத்தனை முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் நான் மேலே போய்த் தேடிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் குறைவாக வந்தது. வருத்தம்தான், ஆனால் அந்தத் தாளைக் காட்டியதும் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அப்புறம் வந்தது நேரச் சிக்கல். சைக்கிள் மிதித்த கையோடு கணினிப் பயிற்சி என்று போட்டிருந்தார்கள். உடம்பு சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும், ஊட்ஹாஃப் விளைவு என்பது அதுதான். திரையில் எழுத்து மங்கியது, முந்தின நாள் எளிதாகச் செய்ததைக்கூடத் தவறவிட்டேன். இரண்டு வாரம் நோய்தான் முற்றுகிறது என்று பயந்து தூக்கம் கெட்டது. பிசியோவுக்கும் மூளைப் பயிற்சி தருபவருக்கும் இடையே பேச்சே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நானே இருவரிடமும் பேசி, கணினியை முதலிலும் சைக்கிளைக் கடைசியிலும் வைக்கச் சொன்னேன். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீரை அவ்வப்போது குடித்துக்கொண்டே மிதித்தேன். அந்த வாரமே திரை தெளிந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதே கூட்டுச் சிகிச்சையைச் சோதித்து 2023இல் வெளியான காக்எக்ஸ் ஆய்வில், நோய் படிப்படியாக முற்றும் வகையைச் சேர்ந்த 311 பேர் பங்கேற்றார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குச் சிந்தனை வேகத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அதனால் பெரிய வாக்குறுதி கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்.

என் மதிப்பெண் கொஞ்சம்தான் ஏறியது. பழகிய தாள் என்பதாலும் ஏறியிருக்கலாம். ஆனால் நேற்று மகளோடு படியிறங்கும்போது அவள் கேட்ட கேள்விக்கு நிற்காமலே பதில் சொன்னேன். முன்பெல்லாம் கைப்பிடியைப் பிடித்து நின்ற பிறகுதான் வாயே திறப்பேன்.