என் ஃபீச்சர் பிட்ச் தேறிய விதம்

இதழியல் வகுப்பில் ஃபீச்சர் (மனிதர்களின் கதையைச் சொல்லும் விரிவான கட்டுரை) ஐடியா கேட்டால் பெரும்பாலும் தலைப்புகள்தான் வந்து விழும். ‘பார்வையற்ற மாணவர்களின் சிக்கல்கள்’ என்பது நான் எடுத்துக்கொண்டது. அதற்குள் கதை இருக்கிறதா என்று பார்க்க, பிட்ச் (கட்டுரை யோசனையை எடிட்டருக்கு முன்வைக்கும் மெயில்) எழுதும் முன்பே ஆளைத் தேடிப் போனேன்.

தேர்வு எழுதிக்கொடுக்கும் ஸ்கிரைப் ஒருவர் கிடைத்தார். பேச்சு சேவை, மனநிறைவு என்றே ஓடியது. நோட்டை மூடும் நேரத்தில்தான் சொன்னார்: “அவங்க சொல்ற விடை தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அதைத்தான் எழுதணும். ‘ம்’னு லேசா இழுத்தாலே விடை தப்புன்னு அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

ஆங்கிள், அதாவது கதையைச் சொல்லும் கோணம், அதுதான். பிட்சின் முதல் பத்தியில் அந்த ‘ம்’மையே வைத்தேன். அடுத்ததில் யார் யாரிடம் பேசப்போகிறேன், எத்தனை சொல், எப்போது தருவேன் என்ற விவரம். ‘சிறு வயதிலிருந்தே எழுத்தில் ஆர்வம்’ வகையறாவை எல்லாம் வெட்டினேன். எடிட்டருக்கு அது எதற்கு?

‘ஏன் இப்போது?’ என்ற கேள்விக்குத் தேர்வுக் காலமே பதில். ஆனால் மாத இதழ்கள் வெகு முன்பே பக்கங்களை முடிவு செய்துவிடும் என்பதால் தேர்வு நெருங்கும்வரை காத்திருக்கவில்லை. பழைய இதழ்களைப் புரட்டி, இந்த விஷயம் ஏற்கெனவே வந்திருக்கிறதா, எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்றும் பார்த்துக்கொண்டேன். நாலைந்து இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பச் சொன்னார்கள் நண்பர்கள். இரண்டு பேர் சரி என்றால் ஒருவரிடம் கெட்ட பெயர்தான் மிஞ்சும். ஒரே இதழுக்கு அனுப்பினேன்.

பதில் இல்லை. சில நாள் கழித்து, பழைய மெயிலின் கீழேயே பணிவாக ஒரு வரி நினைவூட்டினேன். வந்தது சுருக்கமான பதில்: “மாணவர் தரப்பு இல்லாமல் வேண்டாம். 800 சொல் போதும்.”

அந்த ஸ்கிரைப் தேர்வு எழுதிக்கொடுத்த மாணவரிடம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்த ‘ம்’முக்காகத்தான் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருப்பேன்.” கதையே தலைகீழானது. ஸ்கிரைப்பின் சங்கடமாக ஆரம்பித்தது, இருவருக்கும் இடையிலான கண்ணாமூச்சி ஆட்டமாகிவிட்டது. லீடை, அதாவது கட்டுரையின் தொடக்க வரிகளை, மாற்றினேன். ஆனால் இப்போது பெயர் போட்டால் இருவருக்குமே சிக்கல். எழுதி முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே எடிட்டரைக் கூப்பிட்டேன். பெயர்களை மாற்றலாம், மாற்றியிருப்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும், உண்மைப் பெயர்கள் மட்டும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். இருவரிடமும் அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் மீதியை எழுதினேன்.