நீச்சல் குளத்தில் பள்ளிப் பாடம்: மே மாதக் குறிப்புகள்

மே 4
இடுப்பளவுத் தண்ணீரில் மிதப்பு. மூச்சை நன்றாக இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு முகம் கவிழ்ந்தால் முதுகு மேலே தெரியும். மூக்கு வழியே மெல்லக் காற்றை விட்டால் உடம்பு அமிழும். எடை மாறவில்லை, நெஞ்சு சுருங்கியதால் உடம்பு விலக்கும் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆர்க்கிமிடீஸ் பெயரை இதற்குப் பிறகு சொன்னால் போதும். “மிதப்பாயா, மூழ்குவாயா?” என்று முன்கூட்டியே கேட்டு, பதிலைப் பலகையில் எழுதிவிட வேண்டும். மூச்சடக்கும் போட்டியாக மாறவிடக் கூடாது. 5 விநாடி போதும்.

மே 6
கரையில் நின்று ஆழத்தை ஊகித்தல். 1.2 மீட்டர் ஆழம், நேர் மேலிருந்து பார்த்தால் 0.9 மீட்டராகத் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் முக்கால் பங்குதான் கண்ணுக்குப் படும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. பிறகு மூங்கில் கழியை இறக்கி அளக்கச் சொல்ல வேண்டும். கால் எட்டும் என்று நம்பிக் கிணற்றிலும் ஏரியிலும் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது தனியாக விளக்க வேண்டியதில்லை.

மே 9
இடி. எல்லோரும் வெளியே. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 9 விநாடி. ஒலி 3 விநாடியில் ஏறக்குறைய 1 கி.மீ. போகும், ஆகவே 3 கி.மீ. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது.

மே 10
25 மீட்டரை 28 கைவீச்சில் கடந்தால் ஒரு வீச்சுக்கு எவ்வளவு? பலரும் 25-ஐ 28-ஆல் வகுத்துவிடுகிறார்கள். சுவரை உதைத்துச் சறுக்கிய 4 மீட்டரைக் கழிக்க வேண்டும்: 21 ÷ 28 = 0.75 மீட்டர்.

மே 13
வேதியியல். நீளம் 25, அகலம் 12, சராசரி ஆழம் 1.25 மீட்டர்: 3,75,000 லிட்டர். (ஆழமான பக்கத்து அளவையே போட்டுப் பெருக்குவதுதான் வழக்கமான பிழை.) லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கூட்ட 375 கிராம் வேண்டும், 33 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 1.1 கிலோ. அடுத்து pH, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு. லிட்மஸ் தாள் இங்கே உதவாது, pH 7.2-க்கும் 7.8-க்கும் வித்தியாசம் காட்டாது. pH-க்கு ஏற்ப நிறம் மாறும் ஃபீனால் ரெட் சொட்டு வேண்டும். மாதிரியை முழங்கையளவு ஆழத்தில், தண்ணீர் வரும் குழாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும்.

கண் எரிந்து காரநெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமீன். இதைக் கேட்ட பிறகு ஷவருக்கு வரிசை நீண்டுவிட்டது.