"எவ்வாறு" என்ற சொல்லில்தான் விழுந்தேன்

நேற்றுப் பெறுபேறு வந்தது. நுண்ணுயிரியல் சித்தி. முதல் தடவை என்னைக் கைவிட்ட பாடம் என்பதால், வெள்ளவத்தை அறையில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

முதல் தடவை என்னை வீழ்த்தியது ஒரே வினா. குருதியிலிருந்து மூளையைக் காக்கும் சுவரான குருதி–மூளைத் தடுப்பை பக்டீரியா எவ்வாறு கடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நானோ மூளையுறை அழற்சியின் அறிகுறிகளும் மருந்தும், அதாவது காய்ச்சல், கழுத்து விறைப்பு, செஃப்ட்ரையக்ஸோன் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். தம்பி தங்கச்சிமாரே, வினாத்தாள் கைக்கு வந்ததும் "எவ்வாறு" என்பதன் கீழ் கோடு போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாம் முறை, படித்ததை இரவில் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மயிர்க்குழாயின் உட்புறத்தை மூடும் அகவணிக் கலங்கள், அவற்றை ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் குளோடின்-5 என்ற புரதம், வெளியே சுற்றி நிற்கும் பெரிசைற்றுக் கலங்கள் என்று சுவரை விவரித்தபோது அவர் கேட்டார்: "கிருமி கதவை உடைக்கிறதா, உள்ளே இருப்பவர் திறந்துவிடுகிறாரா?" பரீட்சையில் என் விடை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

திறந்துவிடுவது: நியூமோகொக்கஸ் தன் மேற்பரப்பிலுள்ள பொஸ்போரில்கோலின் என்ற மூலக்கூறை அகவணிக் கலத்தின் பி.ஏ.எஃப் ஏற்பி என்ற புரதத்தில் பொருத்துகிறது. கலமே அதை உள்ளெடுத்து மறுபக்கம் விடுகிறது. ஈ.கோலை கே1 என்ற கிருமி, அகவணிக் கலத்துக்கு வடிவம் தரும் அக்டின் இழைகளை மாற்றியமைத்து நுழைகிறது.

பூட்டைக் கழற்றுவது: மெனிங்கோகொக்கஸ். அதன் நுண்மயிர்கள் அகவணிக் கலத்தின் மேலுள்ள சி.டி.147 என்ற புரதத்தைப் பற்றுகின்றன; கலங்களைப் பூட்டும் சந்திப் புரதங்கள் இடம்விட்டுக் கிருமிக் கூட்டத்தின் அடியில் போய்ச் சேர, கலங்களுக்கிடையே வழி பிறக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. படம் வரைந்தே எழுதினேன்.

ஒளிந்து போவது: காசநோய்க் கிருமி, வெண்குருதிக் கலத்துக்குள். லிஸ்டீரியா இப்படியும் போகும், நேரடியாகவும் போகும்.

இன்னும் சில:
- கிருமி முதலில் குருதியில் பிழைக்கவேண்டும். அதைக் காக்கும் உறையைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தொடங்காதீர்கள்.
- எண்ணிக்கையும் முக்கியம். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் குருதியில் ஈ.கோலை மில்லிலீற்றருக்கு 1000-ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி.
- கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவருக்குச் சொல்லிப் படியுங்கள், அவர் மருத்துவம் அறியாதவராக இருக்கட்டும்.
- வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்), சுவர் எல்லா இடமும் மயிர்க்குழாய்தானா என்று கேட்டார்கள். மூளையின் திரவத்தைச் சுரக்கும் கோரொயிட் பின்னலில் மயிர்க்குழாய் கசியும்; அங்கே சுவராக நிற்பது அதை மூடியிருக்கும் கலப்படையான புறவணி.