விரல் நசுங்கின நாள்லேருந்து காசு கைக்கு வர்ற வரைக்கும் எனக்கு நடந்தது

2023 மார்ச் மாசம், சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்ல லாரி கிரேன் வச்சு ஐ-பீம், அதாவது இரும்பு உத்தரம், இறக்கிட்டிருந்தோம். நான் ரிக்கர் (கிரேன்ல லோடு கட்டி மாட்டுற ஆள்) கிடையாது, ஜெனரல் வொர்க்கர்தான், ஆனா அன்னைக்கு ஆள் பத்தலன்னு என்னைய செயின் மாட்டச் சொல்லிட்டாங்க. செயின் முறுக்கிக்கிட்டு இருந்துச்சு, நேராக்கலாம்னு இடது கைய வச்சேன், அதே நேரத்துல சிக்னல்மேன் தூக்கச் சொல்லி கை காட்டிட்டாரு. நடுவிரலும் மோதிர விரலும் செயினுக்கும் பீமுக்கும் நடுவுல போயிருச்சு. கத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

கம்பெனி கூட்டிட்டுப் போன கிளினிக்ல கட்டுப் போட்டு ரெண்டு நாள் எம்சி (மெடிக்கல் லீவு) குடுத்தாங்க. சூப்பர்வைசர் வண்டியிலயே சொல்லிட்டாரு, "யாராச்சும் கேட்டா ரூம் கதவுல மாட்டுச்சுன்னு சொல்லுப்பா, அப்புறம் லைட் டூட்டி போட்டுக்கலாம்". நானும் தலையாட்டிட்டேன், வொர்க் பெர்மிட் போயிருமோன்னு பயம், ஊர்ல கடன் வேற. ராத்திரி வலி தாங்கல, ரூம்ல இருந்த அண்ணன்தான் டாக்சி புடிச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போனாரு. போற வழியில அவரு சொன்ன ஒரே விஷயம், "டாக்டர்கிட்ட நடந்தத நடந்த மாதிரி சொல்லு தம்பி, அவரு எழுதுறதுதான் நாளைக்குப் பேசும்". சொன்னேன். ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்குன்னு ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சாங்க.

அதே அண்ணன் செயின், பீம், நின்ன இடம் எல்லாத்தையும் மறுநாளே போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. பாத்த ரெண்டு பேர் பேரையும் நம்பரையும் நான் எழுதி வச்சுக்கிட்டேன். ரெண்டு வாரம் ஆகியும் கம்பெனி எதுவும் சொல்லல. சிராங்கூன் ரோட்டுல இருக்குற மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டருக்குப் போனேன், அங்க தமிழ்லயே பேசினாங்க. வேலையில அடிபட்டு எம்சி குடுத்தா 10 நாளுக்குள்ள முதலாளி எம்ஓஎம்-க்கு (மனிதவள அமைச்சு) ரிப்போர்ட் பண்ணணும், அவங்க பண்ணலன்னா நாமளே பண்ணலாம், அடிபட்டு ஒரு வருஷத்துக்குள்ள கிளெய்ம் போட்டுரணும்னு சொன்னாங்க. யார் தப்புன்னு நிரூபிக்க வேணாம், வேலை பாக்கும்போது அடிபட்டா போதும், காசு இன்சூரன்ஸ்லேருந்து வரும்னும் சொன்னாங்க. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு, ஏன்னா நானாதானே கைய வச்சேன்னு அதுவரைக்கும் என்னையவே திட்டிட்டிருந்தேன்.

நான் சண்டை போட்டது எம்சி காசுக்குத்தான். கம்பெனி பேசிக் சம்பளத்த மட்டும் கணக்குப் பண்ணி போட்டுட்டாங்க. எனக்கு பேசிக்க விட ஓடி (ஓவர்டைம்) காசுதான் அதிகம்! சட்டப்படி அடிபடறதுக்கு முன்னாடி 12 மாச சராசரி சம்பளத்த எடுக்கணும், ஓடி-யும் அதுல சேரும். வெளிநோயாளி எம்சி-ன்னா முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரி லீவுன்னா 60 நாளுக்கும் முழுச் சம்பளம், அதுக்கப்புறம் மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரைக்கும். டைம் கார்ட மாசா மாசம் போன்ல போட்டோ எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இருந்துச்சு, பேஸ்லிப்பும் (சம்பளச் சீட்டு) கைவசம் இருந்துச்சு. அதக் காட்டின பிறகுதான் மிச்சக் காசு வந்துச்சு. பேஸ்லிப் குடுக்காத கம்பெனியில இருந்தா கேட்டு வாங்குங்க, குடுக்கறது அவங்க கடமை.

நடுவுல "ஊருக்குப் போயிரு, செட்டில் பண்ணிக்கலாம்"னு ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க, இங்கிலீஷ்ல இருந்துச்சு, படிச்சுக் காட்டாம போட மாட்டேன்னுட்டேன். பெர்மிட்ட கேன்சல் பண்ணாலும் கேஸ் முடியற வரைக்கும் இங்க இருக்க ஸ்பெஷல் பாஸ் குடுப்பாங்கன்னு சென்டர்ல சொல்லியிருந்தாங்க, அந்த தைரியந்தான்.

புண் ஆறி, பிசியோ முடிஞ்சு, பல மாசம் கழிச்சு டாக்டர் நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம்னு எழுதினாரு. அந்த சதவீதம், நம்ம வயசு, சராசரி சம்பளம் இத வச்சுத்தான் தொகை கணக்காகும். சிறுசா ஒரு தொகை வந்துச்சு, பாதி கடனுக்குப் போச்சு. இப்போ வேற கம்பெனி, லோடு தூக்கும்போது, அது ஆடாம இருக்க அதுல கட்டுற டேக்லைன் கயிறு புடிச்சு தள்ளி நிக்கிறோம். இடது கை மோதிர விரல் இன்னும் முழுசா மடங்கல, செயின மாட்டுற இரும்புக் கொளுவி, ஷேக்கிள், அதோட பின் திருகறதெல்லாம் வலது கையாலதான்.