பசிக்கிறதா தாயே?

மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது என் அம்மா நேர்ந்துகொண்டது இது: பக்தர்களுக்காக விரதமிருக்கும் சமயபுரம் மாரியம்மனோடு சேர்ந்து 28 நாளும், சமைத்தது எதுவும் சாப்பிடாமல், பச்சைப் பட்டினி இருப்பதாக. மகளுக்குத் தழும்புகூட இல்லாமல் இறங்கிவிட்டது. அம்மாவுக்கோ சர்க்கரை, பட்டினியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ இருந்துவிடு" என்று மஞ்சள் புடவையை என் மடியில் வைத்தாள்.

மாசி கடைசி ஞாயிறு, அம்மனுக்குப் பூக்களைச் சொரியும் பூச்சொரிதலன்று தொடங்கினேன். காலையில் நீர்மோர், மத்தியானம் இரண்டு வாழைப்பழம், இரவில் ஒரு பிடி துள்ளு மாவு, இடித்த பச்சரிசி மாவுதான். முதல் வாரம் பக்தியாவது ஒன்றாவது, தலைவலியும் எரிச்சலும்தான். பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தாலே கண் கலங்கும். பத்து நாள் போனதும் வயிறு அடங்கிவிட்டது. மோரில் கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை தனியாக மணந்தது. மகளை அதட்ட வாய் திறந்தவள், எதற்கென்று மறந்து மூடிக்கொண்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் திருச்சி சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து சமயபுரத்துக்கு நடந்தோம். கொள்ளிடம் பாலத்துக் காற்றில் தெம்பாகத்தான் இருந்தது. நம்பர் 1 டோல்கேட் தாண்டியதும் கால் பின்னிக் கண் இருட்டியது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பாட்டி பானகத்தை நீட்டி, "ஆத்தாளே நமக்காகப் பட்டினி கிடக்கிறாள். மெதுவாக வா தாயி, அவள் எங்கே போய்விடப் போகிறாள்" என்றார்.

கோயில் வாசலில் அந்த அமைதி எல்லாம் போயிற்று. தேங்காய்த் தட்டைக் கையில் திணிக்கிறவர் ஒருவர், "ஐந்நூறு கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் தரிசனம்" என்று பின்னாலேயே வருகிறவர் ஒருவர். பட்டினி கிடக்கிறவளைப் பார்க்கக் குறுக்கு வழியா? மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவரின் முழங்கை என் விலாவிலேயே குடியிருந்தது.

பிறகு அந்த முகம். பூக்குவியலுக்குள் குங்குமச் சிவப்பாக. இந்த நாட்களில் அவளுக்குத் தளிகை, சமைத்த நைவேத்தியம், கிடையாது. துள்ளு மாவும் இளநீரும் பானகமும்தான். வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டே போகிறார்கள், அவளும் வெறும் வயிற்றோடு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலைக்காக, மகளுக்காக என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. "பசிக்கிறதா தாயே?" என்றுதான் வந்தது. அதற்குள் "நகருங்கள், நகருங்கள்" என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து தூணில் சாய்ந்து அழுதேன். என்ன அழுகை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் குழந்தையின் முகத்தை வடுவில்லாமல் திருப்பிக் கொடுத்தவள், மகமாயி, ஆயிரம் கண்ணுடையாள்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது, "ஆத்தா முகம் வாடியிருந்ததா?"

"இல்லையம்மா."

கொண்டுவந்த துள்ளு மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். வெல்லம் போட்டது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.