பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் ஒரு ஆப் சோதனை

மண்டிக்கு அனுப்பும் தக்காளிக்கு விவசாயிகள் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு மொபைல் ஆப். ஆப்புக்கான கோடு (நிரல்) எழுதுவதற்கு முன்பே, ஆப் திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா என்ற மென்பொருளில் திரைகளை மட்டும் வரைந்து, பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளிடம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அந்த வேலை என்னிடம் வந்தது.

எத்தனை பேர் போதும் என்பதில்தான் முதல் வாக்குவாதம். 5 பேரிடம் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். அது ஒரே மாதிரிப் பயனர்களுக்கான கணக்கு. இரண்டு வகையினர் இருந்தால் வகைக்கு 3, 4 பேர் என்று அவரே அங்கே சொல்லியிருக்கிறார். எங்களுக்கு விவசாயி ஒரு வகை, மண்டியில் கணக்கு எழுதுகிறவர் இன்னொரு வகை. அப்படியே பிரித்துக்கொண்டோம்.

ஆள் கிடைப்பது சுலபம், அவர்களுடைய நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். காலையில் மார்க்கெட்டில் யாரும் நின்று பேச மாட்டார்கள். காய் பறிக்கிற நாளில் தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது. பறிப்பில்லாத நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் நிதானமாக உட்காருவார்கள்.

"மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க" என்பது இந்தச் சோதனையில் வழக்கமான முறை. இங்கே அது எடுபடவில்லை. போனை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவது யாருக்குமே கூச்சம்தான். பேசினாலும் ராயக்கோட்டைப் பக்கம் சிலருக்கு யோசனை தெலுங்கிலோ கன்னடத்திலோ ஓடுகிறது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களை ஜோடியாக உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் ஒரே போனைக் கொடுத்தோம். "அதை ஏன்க்கா அமுக்குற, மேல பாரு" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது அதுதான். கணவன் மனைவியை மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். போன் கணவர் கைக்குப் போய்விடும், அப்புறம் திரும்பி வராது.

"இதை அமுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "நான் இங்க இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வேலையிலேயே கடினமான பகுதி அதுதான்.

ஃபிக்மா முன்மாதிரி என்பது படங்களின் வரிசை. அளவு கேட்கும் திரையைத் தொட்டால், நாங்கள் முன்பே வரைந்து வைத்த 30 வந்து நிற்கும். "நான் முப்பது போடவே இல்லையே" என்று ஒருவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் திரைக்கு மட்டும் காகிதத்துக்கு மாறி, அவர் சொல்கிற எண்ணை நான் பேனாவால் எழுதினேன். நன்றாகவே ஓடியது. இன்னொன்று: தவறான இடத்தைத் தொட்டால் சரியான பொத்தான் நீலமாக மின்னும். அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் விடையை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி.

கண்டுபிடித்தவற்றில் முக்கியமானது விலைக் கட்டம். எத்தனை கிரேடு (தக்காளி அடுக்கும் பெட்டி), என்ன விலை என்று இரண்டையும் நிரப்பினால்தான் சேமிக்க முடியும் என்று வரைந்திருந்தோம். எல்லா ஜோடியும் அங்கேயே நின்றது. வண்டியில் ஏற்றும்போது கிரேடு எத்தனை என்பதுதான் விவசாயிக்குத் தெரியும். விலை மண்டியில் ஏலம் முடிந்த பிறகு வருகிறது. அதற்குள் திரையைக் கடந்து போக ஒரு அக்கா நேற்றைய விலையைச் சொன்னார், இன்னொருவர் பூஜ்யம் போடச் சொன்னார். இரண்டுமே கணக்கைக் கெடுத்துவிடும். ஆனால் இவர்கள் யாருமே அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்குதுங்க" என்ற பதில்தான். வீடு தேடி வந்தவனிடம் வேறென்ன சொல்வார்கள்?

அதே காரணத்தால் மதிப்பெண் படிவமும் வீண். பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்க ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய 10 வாக்கியப் படிவத்தில் ஒரு வாக்கியம் பாராட்டாகவும் அடுத்தது குறையாகவும் மாறி மாறி வரும். எங்கள் ஆட்கள் பத்துக்கும் "ஆமாங்க" என்றார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உங்க மச்சானுக்கு இதைச் சொல்லிக்கொடுங்க பார்க்கலாம்" என்றேன். எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது.

மண்டிக்காரர்களுடன் வேலை சீக்கிரம் முடிந்தது. அவர்களுக்கு ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் போன். கட்டை விரலுக்கு எட்டுகிற இடத்தில் எண்கள் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கிரேடு எண்ணிக்கையை மட்டும் போட்டுச் சேமித்து, விலையை அப்புறம் சேர்க்கிற மாதிரி மாற்றிக் கோடு எழுதுகிறார்கள். வெயிலில் தெரியாத சாம்பல் நிற எழுத்தும் கறுப்பாகிவிட்டது. பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். வரைந்த படம் அதற்கேற்ப மாறாது என்பதால், பெரிய எழுத்தில் எங்கள் தமிழ்ப் பொத்தான்கள் உடைகின்றனவா என்பதை நிஜ ஆப் கைக்கு வந்த பிறகு இதே தோட்டங்களில்தான் பார்க்க வேண்டும்.