மோட்டார் இல்லாத வண்டியோடு புனே வரை

2016 மார்ச். ரோபோகான் என்ற ரோபோப் போட்டிக்காகப் புனே போய்த் திரும்பி நான்கு நாளாகிறது, தோள்வலி இன்னும் போகவில்லை. ஜூனியர்கள் தினமும் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள்: எப்படிப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், ஆளுக்கு எவ்வளவு ஆனது? அதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத ஆரம்பித்தாலே போட்டி நடந்த பாலேவாடி அரங்கின் வெளிச்சம்தான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. வரிசை முன்பின் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், போட்டி என்ன என்று தெரியாதவர்களுக்கு. ரோபோகான் என்பது கல்லூரி மாணவர்களுக்காக ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துவது. 2002இல் டோக்கியோவில் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஒரு நாடு நடத்தும். என்ன விளையாட்டு என்பதையும் அந்த நாடே தீர்மானிக்கும். 2008இல் புனேயில் நடந்தபோது, நம் உறியடியைத்தான் ரோபோக்களுக்கு விளையாட்டாக வைத்தார்களாம். போன வருடம் இந்தோனேசியாவில் ரோபோக்கள் இறகுப்பந்து ஆடின. இந்த 2016இல் தாய்லாந்தின் முறை. ஆகஸ்டில் பாங்காக்கில் சர்வதேசப் போட்டி. அதற்கு இந்தியாவிலிருந்து எந்த அணி போகும் என்று முடிவு செய்யத்தான் மார்ச்சில் புனேயில் தேசியப் போட்டி.

இந்த வருட விளையாட்டு தூய ஆற்றலைப் பற்றியது. இரண்டு ரோபோக்கள். எக்கோ ரோபோ என்ற சின்னது, காற்றாலையின் இறக்கையைச் சுமந்துகொண்டு மூன்று மேடுகள் ஏறி, வளைந்து போகும் ஆற்றுப் பாதையைக் கடந்து, சரிவில் இறங்கிக் காற்றாலைக் கம்பத்தருகே வர வேண்டும். அதற்கு ஓட்டும் மோட்டார் இருக்கக் கூடாது! திசை திருப்ப செர்வோ என்ற சின்ன மோட்டார் ஒன்றுக்கு மட்டும் அனுமதி. ஹைப்ரிட் ரோபோ என்ற பெரியது பக்கத்தில் வந்து, தொடாமல், காற்றாலோ காந்தத்தாலோ அதைத் தள்ள வேண்டும். கடைசியில் ஹைப்ரிட் இறக்கையை வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறி உச்சியில் பொருத்திவிட்டால், 'சாய்-யோ'. ஆட்டம் அந்த நொடியே முடிந்தது, அந்த அணிக்கு வெற்றி. மொத்த நேரம் மூன்று நிமிடம்.

நாங்கள் காற்றைத் தேர்ந்தெடுத்தோம். ஹைப்ரிட்டின் கையில் இரண்டு அதிவேக ஃபேன்கள், எக்கோவின் முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பாய். பாய்மரக் கப்பலில் இருக்குமே, அந்தப் பாய். எக்கோவின் எடையைக் குறைக்க, கிராம் கிராமாகச் சுரண்டிக்கொண்டு மூன்று மாதம். அப்பா அம்மாவிடம் வாங்கிய பணம், கல்லூரி கொடுத்த பாதி, சீனியர்கள் விட்டுப்போன மோட்டார்கள், இவற்றை வைத்துத்தான் எல்லாம். பயணத்துக்கு என்று மிஞ்சிய பணம் ஒரு பழுப்பு உறைக்குள் அடங்கிவிட்டது. அந்த உறையை எங்கள் கேஷியர் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூன்று இரவும் தூங்கவில்லை.

சென்னை சென்ட்ரலில் ஏறினோம். ஸ்லீப்பர், ஒன்பது பேர், கூட ஒரு சார். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம் என்பதால் எடை பிரச்சினையில்லை. பிரச்சினை பெட்டியின் அளவுதான். ஹைப்ரிட்டைக் கழற்றி மூன்று மரப்பெட்டிகளில் வைத்திருந்தோம். அதில் ஒன்று சீட்டுக்கு அடியில் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் கழிவறைப் பக்கம் நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக இரவு முழுக்கக் காவல். ஜூனியர்களே, பெட்டி செய்வதற்கு முன் சீட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் என்று ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இதைவிடப் பெரிய யோசனை என்னிடம் இல்லை.

எக்கோவைப் பெட்டியில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பாய் மடங்கினால் போச்சு. அதனால் மடியில்தான் வந்தது. ஜன்னல் காற்று பாயைக் கிழித்துவிடும் என்று எங்கள் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டோம். மார்ச் மாதம், கடப்பா தாண்டிய பகல், ஜன்னல் மூடிய பெட்டி. எதிரே மும்பை மாட்டுங்காவுக்குப் போகும் ஒரு பாட்டி. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்து விசிறிக்கொண்டே, "இது என்ன தம்பி, குழந்தை மாதிரி வச்சிருக்கே?" என்றார். விளக்கினேன். "மோட்டார் இல்லேன்னா எப்படிப்பா ஓடும்?" அவர் கையிலிருந்த விசிறியைக் காட்டி, "இதாலதான் பாட்டி" என்றேன். ரொம்ப நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்பது பேருக்கும் புளிசாதம் வந்தது. குந்தக்கல்லுக்கு முன்னாலேயே பாத்திரம் காலி.

ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர் எல்லாம் தூக்கத்தில் போய்விட்டன.

இப்போது கோபமான பகுதி. புனே ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஆட்டோ பேசினோம். பாலேவாடிக்கு ஒன்றுக்கு 300 ரூபாய். புனேயில் ஆட்டோக்கள் மீட்டர் போட்டு ஓட்டுவது வழக்கம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பெட்டிகளைப் பார்த்ததும் ஒருவரும் மீட்டரைத் தொடவில்லை. சரி, 300 என்று ஏறினோம். பெட்டிகளை வெளியே நீட்டிக் கயிறு போட்டுக் கட்டி, ஔந்த் வழியாகப் போய், விளையாட்டு வளாகத்தின் வாசலில் இறக்கியதும் ஆட்டோவுக்கு 600 கேட்டார்கள். பெட்டிக்குத் தனியாம். ஏறும்போது பெட்டி கண்ணில் படவில்லையா? எங்களுக்குத் தெரிந்த இந்தியில் சண்டையும் போட முடியவில்லை. ஒருவர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. கடைசியில் 450 வீதம் கொடுத்தோம். இரண்டு ஆட்டோவுக்கு 300 ரூபாய் கூடுதல். எங்களுக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு. மீதிப் பேர் நகரப் பேருந்தில் வந்தார்கள். அவர்கள் எல்லோருடைய டிக்கெட்டையும் கூட்டினாலும் இந்தக் கூடுதல் பணத்தை எட்டவில்லை. இதை எழுதும்போதும் எரிகிறது. ஏறும் முன்பே சாமானோடு சேர்த்து எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

அரங்குக்குள் நுழைந்ததும் அது எல்லாம் மறந்துபோனது. களம்! இத்தனை மாதம் பிடிஎஃப்பில் கோடுகளாகப் பார்த்தது, நிஜமான நிறத்தில், நிஜமான உயரத்தில், சிவப்புப் பக்கம், நீலப் பக்கம் என்று விரிந்து கிடந்தது. நாங்கள் லேபில் பிளைவுட்டில் செய்து வைத்திருந்தது ஒரு துண்டுதான். முழுக் களம் போட எங்களிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. மேலே வரிசையாக விளக்குகள். சுற்றிலும் அணிகள் ரோபோவைச் சரிசெய்யும் பிட் மேசைகள், சோல்டரிங் புகை, எத்தனையோ மொழியில் கத்தல். காற்றுத் தொட்டிக்குப் பதிலாக குளிர்பான பாட்டில்களில் அழுத்தக் காற்றை அடைத்து ரோபோவில் கட்டியிருந்தார்கள் சிலர். காந்தத்தால் தள்ளிய ஓர் அணியின் எக்கோ, சத்தமே இல்லாமல், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல மேடு ஏறியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதைத் திரையில் பார்த்தால் பாதிகூடப் புரியாது. நேரில் போங்கள்.

சோதனை ஓட்டத்தில் எங்கள் எக்கோ, களத்தரையில் வழிகாட்டும் கோட்டைப் பார்க்கவே இல்லை. லேபில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வேலை செய்த அகச்சிவப்பு சென்சார்கள், அரங்கின் வெளிச்சத்தில் கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகவே படித்தன. இது எல்லா அணிக்கும் வரும் தொல்லைதானாம். பக்கத்து மேசையிலிருந்த குஜராத் பையன் சிரித்துக்கொண்டே ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை நீட்டினான். சென்சாரைச் சுற்றித் தரை வரை பாவாடை மாதிரி ஒட்டினோம்; கறுப்பு எது, வெள்ளை எது என்று பிரிக்கும் எல்லை மதிப்புகளை அந்தக் களத்திலேயே புதிதாக எடுத்தோம். சரியானது. உடனே அடுத்த வினை: ஒரு ஃபேனின் ஸ்பீட் கன்ட்ரோலர் கருகிவிட்டது. உதிரி எடுத்து வரவில்லை, உதிரி வாங்கப் பணம் போதாமல்தான். அதே பையன் தன் அணியின் உதிரியைக் கழற்றிக் கொடுத்தான். மறுநாள் அவர்கள் எங்களோடு மோத வேண்டி வரலாம் என்பது அவனுக்குத் தெரியும். "ஜீத்னா ஹை தோ மஷீன் ஸே ஜீதேங்கே" என்றான். ஜெயிப்பதானால் இயந்திரத்தால் ஜெயிப்போம் என்கிறான்.

தங்கியதைப் பற்றி ஒரு வரி போதும்: ஓர் அறை, ஆறு பேருக்கான படுக்கை, ஒன்பது பேர். தூங்கியவர்கள் யாரும் இல்லாததால் இடம் போதுமாக இருந்தது.

விடிந்ததும் கிடைத்த அந்த மிசல் பாவ் பற்றித்தான் எழுத வேண்டும். வளாகத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி, 40 ரூபாய். முளைகட்டிய நரிப்பயறு, மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும் குழம்பு, மொறுமொறு மிக்சர், பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை பிழிந்து, கூட இரண்டு பாவ். முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்கார அம்மாவை எல்லோரும் மாவ்ஷி (மராத்தியில் சித்தி) என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தட்டில் குழம்பு வற்ற வற்ற, கேட்காமலே ஊற்றினார், அதற்குக் காசு கிடையாது. உறையைத் தடவிப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஒரே பாவில் நான்கு கரண்டி குழம்பு தீர்த்தேன். புனேயில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை, கோட்டையும் இல்லை, மலையும் இல்லை. மிசல் பாவ் போதும்.

முதல் ஆட்டம். களத்தில் வைத்துச் சரிசெய்ய ஒரு நிமிடம். கை நடுங்கியதில் செர்வோ கேபிளை மூன்றாவது முறையில்தான் செருகினேன். மூன்று மேடுகளையும் எக்கோ ஏறிவிட்டது. ஆற்று வளைவில் எங்கள் ஃபேன் காற்றே பாயைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ள, குப்புற விழுந்தது. மறுமுயற்சி எடுத்தோம், மறுபடி அதே வளைவு. லேபில் நேர்கோட்டில்தான் அதிகம் ஓட்டிப் பார்த்திருந்தோம். லேபின் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்து பழகிய நாங்கள், குறுக்கே அடிக்கும் காற்றை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. எதிரணி ஜெயித்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் பாயின் இரு ஓரத்தையும் இரண்டு விரல் அகலம் வெட்டினோம். கத்தரிக்கோல் பிடித்தது நான்தான். மூன்று மாத உழைப்பை வெட்டுவதுபோல இருந்தது. மேடு, மேடு, மேடு. ஆறு. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, விழவில்லை! சரிவின் மேல்முனையில் ஒரு கணம் நின்று, பிறகு தானாகவே உருண்டு இறங்கியது. சார் என் தோளை இறுக்கிப் பிடித்த வலிதான் நான் முதலில் சொன்னது. ஹைப்ரிட் இறக்கையைப் பற்றும்போது மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. கம்பத்தில் ஏறவே இல்லை. புள்ளிக் கணக்கில் எதிரணி முன்னால். அதோடு நாங்கள் வெளியே. அன்று மாலை, வேறோர் அணி சாய்-யோ அடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. இறக்கை உச்சியில் பொருந்திய அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

செலவுக் கணக்கு வேண்டுமென்றால் கேஷியரைக் கேளுங்கள், பைசா வரை எழுதி வைத்திருக்கிறார். உறையில் திரும்பி வந்தது 70 ரூபாய்.

திரும்பும் ரயிலில் ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. சோலாப்பூர் தாண்டிய பிறகு, நடைபாதைத் தரையில் எக்கோவை இறக்கி வைத்தேன். பக்கத்து சீட்டுச் சிறுமி, ஆறேழு வயதிருக்கும், தன் ஓவிய நோட்டை எடுத்து அதன் பாய்க்குப் பின்னால் வீசினாள். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. இன்னும் வேகமாக வீசினாள். கதவு வழியாக வந்த காற்றும் சேர்ந்துகொள்ள, எக்கோ மூன்று சீட்டு தூரம் தானே ஓடியது. அவள் அதன் பின்னாலேயே ஓடினாள்.